பன்னிரண்டாவது கை

நகரசபையில் கை எண்ணுவது என் வேலையாக இருந்தது. மினிட்ஸ் எழுதுவது, வருகிற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குவது, யார் கேட்டாலும் பழைய தீர்மானத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் ஒரு விஷயம் ஓட்டுக்கு வந்துவிட்டால், தலைவருக்கு இடப்பக்கம் எழுந்து நின்று, தூக்கிய கைகளை எண்ணி, துண்டுக் காகிதத்தில் குறித்து அவர் முன்னால் வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் இதைச் செய்தேன். ஒரே ஒரு தடவை தப்பாக எண்ணினேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்த நாளில் எனக்கு அந்தச் சபையின் மேல் மரியாதை கிடையாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு விளக்குக் கம்பம் நட நான்கு கூட்டம் பிடித்தது. மூன்றாவது கூட்டத்தில் மட்டும் பதினொரு பேர் பேசினார்கள். அவர்களில் அந்தச் சந்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர்கூட இருக்கமாட்டார்கள். ஓர் அதிகாரி ஒரு வரி எழுதினால் மறுநாள் விளக்கு எரியுமே, இத்தனை வாய் எதற்கு என்று நினைப்பேன். நினைத்தபடியே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். ஆனால் ஒரு கல்லைக்கூட அவர்களால் நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டியவர் அரசாங்கம் நியமித்த நிர்வாக அதிகாரி. தீர்மானம் இல்லாமல் அவராலும் நகர்த்த முடியாது. கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த நிமிஷத்திலிருந்து அவர் மற்றவர்களைப் போல ஓட்டுப் போட முடியாது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவருக்கு ஒரு ஓட்டு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்த விஷயத்தில்தான் நான் வழுக்கினேன்.

கிழக்கேகோட்டை வாசலுக்கு வெளியே பதினேழு பெண்கள் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கீரை, வெள்ளரிக்காய், வாழைப்பூ, பயறு. காலையில் கோவிலிலிருந்து திரும்புகிறவர்கள் வாங்குவார்கள், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் வாங்குவார்கள். பஸ்கள் வரத் தொடங்கிய பிறகு அதே இடம் பஸ் திரும்புகிற இடமாகவும் ஆகிவிட்டது. ஒரு நாள் பின்னால் நகர்ந்த பஸ் ஒன்று இரண்டு கூடைகளை நசுக்கி, ஒருத்தியின் காலையும் உரசிவிட்டுப் போயிற்று. அதன் பிறகுதான் அந்தப் பெண்களைச் சாலைக் கடைத்தெருவின் கீழ்க்கோடிக்கு மாற்ற வேண்டும் என்று நிர்வாக அதிகாரி குறிப்பு எழுதினார். சொன்ன காரணம் நியாயமானது. ஆனால் கோவிலுக்கு வந்தவர்களோ ஆபீஸ் விட்டவர்களோ ஒரு கட்டுக் கீரைக்காக அந்தக் கோடிவரை போகமாட்டார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கூட்டம் பகல் இரண்டரைக்குத் தொடங்கியது. கோட்டை வார்டு உறுப்பினர் எதிர்த்துப் பேசினார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். சட்டை போடமாட்டார், தோளில் கசவுக்கரை நேரியது, அதாவது ஜரிகைக்கரை போட்ட மேல்துண்டு மட்டும். அதுவும் பட்டுப்போல வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். சபையில் பேச்செல்லாம் பெரும்பாலும் மலையாளம்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பஸ்ஸுக்கு வளைய இடம் இல்லேன்னா பஸ்ஸைச் சின்னதாப் பண்ணட்டே! பதினேழு பெண்ணுங்களை எங்கே கொண்டு போறது?"

"மெம்பருக்குக் கீரை மலிவாக் கிடைக்கறது. அதான் இவ்வளவு கருணை!" என்றார் எதிர்வரிசையில் ஒருவர்.

"மலிவா? நான் மெம்பர்னு தெரிஞ்ச நாள் முதல் எனக்குத்தான் அவங்க ஜாஸ்தி விலை சொல்றாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் பெரிய வக்கீல்; நிதானமாகப் பேசுகிறவர். "அன்றைக்குப் பஸ் காலை உரசியது. அடுத்த தடவை எதை உரசும் என்று யாராவது உறுதி சொல்லத் தயாரா?" என்று கேட்டு, தீர்மானத்தைத் தாம் ஆதரிப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். பிறகு ஓட்டுக்கு விட்டார்.

ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது எழுந்து நின்று எண்ணினேன். பன்னிரண்டு. எதிர்த்துத் தூக்கச் சொன்னபோது மறுபடி எண்ணினேன். பதினொன்று. எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டையும் கூட்டி, கையெழுத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பேன். பன்னிரண்டும் பதினொன்றும் இருபத்துமூன்று. புத்தகத்தில் இருபத்துமூன்று கையெழுத்து. சரியாக இருந்தது. காகிதத்தை மனநிறைவோடு வைத்தேன். தீர்மானம் ஒரு ஓட்டில் நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் வழக்கமாகக் கீரை வாங்குகிறவளிடம் நின்றேன். தோவாளைப் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். இங்கே வாழ்க்கைப்பட்டு, கரமனை ஆற்றங்கரையில் நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டுக்கொண்டிருந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"எங்களத் தூக்கிப்புட்டியளாமே சாமி?"

"நான் தூக்கலே. சபை தீர்மானம் போட்டிருக்கு."

"எத்தனை பேரு போடச் சொன்னாவ?"

"பன்னிரண்டு பேர். வேண்டாம்னு பதினொண்ணு."

"ஒத்த ஆளா?" என்றாள். கீரைக் கட்டை என் பையில் போட்டாள். "சரி, அது போட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு ரெண்டு பாத்தி விதைக்கணும். விதைச்சா பறிக்க இருபத்தஞ்சு நாளாகும். அது வரைக்கும் இங்க இருப்பனா, மாட்டனா?"

"நோட்டீஸ் நாளைக்கே வரும். ஏழு நாள் தவணை."

"அப்பம் விதைக்கல" என்றாள். அடுத்த ஆளுக்குக் கீரை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸில் மினிட்ஸைச் சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தேன். மினிட்ஸுக்கு ஒரு மாமூல் தொடக்கம் உண்டு. 'தலைவர் தலைமை வகித்தார். உறுப்பினர்கள் வருகை' என்று எழுதி எண்ணைப் போட வேண்டும். புத்தகத்தைத் திறந்து எண்ணி, தலைவர் கையெழுத்தைக் கழித்து, இருபத்திரண்டு என்று எழுதினேன். நாலு வரி கீழே ஓட்டு விவரம் வந்தது. பன்னிரண்டு, பதினொன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். இருபத்திரண்டு பேர் எப்படி இருபத்துமூன்று கை தூக்க முடியும்?

நேற்று நான் ஒத்துப் பார்த்த இருபத்துமூன்றில் தலைவரின் கையெழுத்தும் அடக்கம். அவர் ஓட்டே போடவில்லை. ஒத்துப் போனது என்று சந்தோஷப்பட்டதுதான் தப்பு. ஒத்துப் போகாமல் இருந்தால்தான் சரி.

கண்ணை மூடிக்கொண்டு நாற்காலி நாற்காலியாக நினைவில் எண்ணினேன். ஆதரவாகத் தூக்கிய கைகளில் ஆறாவது கை, ஒரு கசவுக்கரைக்கு மேலே தெரிந்தது. கோட்டை வார்டு உறுப்பினர்! மின்விசிறிக் காற்றில் வழுக்கிய நேரியதைத் தூக்கித் தோளில் போட்டிருக்கிறார். அந்தக் கையை நான் ஆதரவில் எண்ணினேன். பிறகு அவர் எதிர்த்து முறையாகக் கை தூக்கியபோது அதையும் எண்ணினேன். அப்படியானால் நிஜமான ஓட்டு பதினொன்றுக்குப் பதினொன்று. தீர்மானம் நிறைவேறவே இல்லை.

வராந்தாவில் பியூன் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார். பைக்குள் பதினேழு நோட்டீஸ்.

"அஞ்சு நிமிஷம் உட்காரும்" என்றேன்.

"அஞ்சுன்னா அஞ்சுதான் ஸ்வாமி. வெயில் ஏறிடும்."

அந்த ஐந்து நிமிஷத்தில் என் மனசு போன போக்கை மறைக்க விரும்பவில்லை. எனக்கு நான்கு குழந்தைகள். வேலை போனால் வேறு போக்கில்லை. அதோடு ஒரு சமாதானமும் கையருகிலேயே கிடந்தது. சமமாக நின்றால் தலைவருக்கு ஓட்டு உண்டு. தலைவர் மாற்றத்தை ஆதரித்துப் பேசியவர். ஆகவே முடிவு எப்படியும் இதுதான். பின்னே எண்ணிக்கை தப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இருபத்திரண்டு என்ற எண்ணுக்குக் கீழே பன்னிரண்டையும் பதினொன்றையும் விட்டுவைக்க என்னால் முடியவில்லை. பொய் சொல்லாத மனிதன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளமாட்டேன். கூட்டல் தப்பாக இருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு வராது.

நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கண்டிப்புக்குப் பேர் போனவர்.

"சார், நேத்து ஓட்டு எண்ணிக்கை தப்பாயிடுத்து."

"எத்தனை?"

"ஒண்ணு."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "தீர்மானமே ஒண்ணுலதானே ஓய் நிறைவேறிச்சு?"

"ஆமாம் சார்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். பதினேழு நோட்டீஸையும் வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பியூன் போனதும், "இப்ப சொல்லும்" என்றார். நேரியதுவரை சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "சமம்னாலும் தலைவர் ஓட்டு இருக்கு சார். அவர் நேத்துப் பேசினதைப் பார்த்தா நமக்கு ஆதரவாத்தான்" என்று இழுத்தேன்.

"அவர் போட வேண்டிய ஓட்டை நான் போடவா, இல்லே நீர் போடுறீரா? ஒரு ஆளுக்கு நீர் ஓட்டுப் போட்டது போதாதா?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த இடத்தைக் காலி பண்ணணும்னு உம்மைவிட எனக்குத்தான் அவசரம். யாரு மேலயாவது பஸ் ஏறினா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. ஆனா தீர்மானம் இல்லாம அங்க போய் நின்னா நான் யாரு? தடியோட வந்த ஒரு ஆளு, அவ்வளவுதான். போய்த் தலைவர்கிட்ட சொல்லும்."

நான் கதவைத் தாண்டுவதற்குள், பஸ் பின்னால் நகரும்போது கண்டக்டர் கீழே இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும் என்று பஸ் இலாகாவுக்கு ஒரு கடிதம் சொல்லத் தொடங்கிவிட்டார். தமக்கு உரிமை உள்ளதை அந்த நிமிஷமே செய்தார். உரிமை இல்லாததைத் தொடவில்லை. என் வேலை போகுமா இருக்குமா என்ற கவலையிலும் அது என் மனசில் பட்டது.

தலைவர் வீட்டு முன்னறையில் வழக்கு விஷயமாக இரண்டு கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்வாமி உட்காரணும். முகம் எந்தா இப்படி?"

சொன்னேன். மூன்று தடவை திருப்பிக் கேட்டார், சாட்சியைக் கேட்பதுபோல. நான் வரும் வழியிலேயே ஒரு திருத்தம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஓட்டுகள் சமமாக இருந்தன, தலைவர் தமது ஓட்டைத் தீர்மானத்துக்கு ஆதரவாக அளித்தார் என்று இரண்டே வரி. அதை நீட்டினேன். கையெழுத்துப் போட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். என் தப்பும் வெளியில் தெரியாது.

வாசித்தார். மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கையெழுத்து. ஆனா இதில் ஒரு பொய் இருக்கு. அந்த ஓட்டை நான் சபையில் போடலை."

"இப்போ போட்டதா வெச்சுக்கலாம் சார்."

"எங்கே? இந்த ரூமிலயா? இருபத்திரண்டு பேர் முன்னால போட வேண்டியதை உங்க ஒருத்தர் முன்னால போடறதா? நாளைக்கு அந்தப் பெண்ணுங்க யார் எங்களை மாத்தினதுன்னு கேட்டா, ஸ்வாமியும் நானும் சேர்ந்து வீட்டில் வெச்சு மாத்தினோம்னு சொல்றதா?" சிரித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் உறுதி செய்வோம் அல்லே? அப்போ வாசிக்கணும். நீங்கதான் வாசிக்கணும்."

"நானா சார்?"

"எண்ணினது நீங்களல்லே?"

அடுத்த கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி, "எண்றதுக்குன்னுதானே உங்களை வெச்சிருக்கா? அதையும் தப்பா எண்ணினேளா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பைச் சொல்றதுக்குக்கூடப் பதினெட்டு நாள் காத்திருக்கணுமாக்கும். நன்னாருக்கு உங்க சபை!" என்றாள். நானும் முன்பெல்லாம் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

கீரைக்காரி தினமும் கேட்டாள். "இன்னைக்கா சாமி?" "இல்லை." "நாளைக்கா?" "தெரியாது." கூட்டம் முடிவு செய்வதற்கு முன்னால் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஏதோ தந்திரம் செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். பத்தாம் நாள் தொட்டு அவள் கூடையில் பாதிதான் கீரை இருந்தது. இரண்டு பாத்தி சும்மா கிடக்கிறது என்றாள். அவளுக்குச் சபையில் ஓட்டும் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் ஓட்டு.

கூட்டத்துக்கு அன்று நல்ல வருகை. தலைவரைச் சேர்க்காமல் இருபத்தைந்து. மூன்று தடவை எண்ணினேன். போன தடவை வராத மூன்று பேரும் வந்திருந்தார்கள். மூவரும் மாற்றத்துக்கு ஆதரவானவர்கள். நான் எழுந்து நின்று என் தப்பை வாசித்தேன்.

"ஸ்வாமிக்குச் சபைச் செலவில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கணும்!"

"கண்ணாடி போட்டுண்டுதானே இருக்கார். அதனாலதான் ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு!"

கோட்டை வார்டு உறுப்பினர் எழுந்தார். "அரை மணி நேரம் தொண்டை வறள எதிர்த்துப் பேசினேன். அந்த என்னையா ஆதரவில் சேர்த்தீங்க? நேரியது இறங்கினா தூக்கக் கூடாதுன்னு சட்டம் உண்டோ?"

"இனிமேல் ஓட்டெடுப்பு நாளில் மெம்பர் சட்டை போட்டுண்டு வரணும்னு ஒரு தீர்மானம் கொண்டு வரலாம்!"

சிரிப்பு அடங்கியதும் ஒருவர், ஊழியரைச் சபை கண்டிக்க வேண்டும் என்றார். இன்னொருவர், தானே வந்து சொன்னவரைப் பாராட்ட வேண்டும் என்றார். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த நிர்வாக அதிகாரி எழுந்தார். "ஊழியர்களைக் கண்டிக்கிறது என் பொறுப்பு. அதைச் சபை எடுத்துக்க வேண்டாம்னு கேட்டுக்கிறேன். பாராட்டறது உங்க இஷ்டம்" என்று சொல்லி உட்கார்ந்தார். கண்டனமும் பாராட்டும் இரண்டும் அப்படியே நின்றன. மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவுக்கு எச்சரிக்கை என்று மூன்று வரி. கடைசியில், தவறைத் தாமாகவே தெரிவித்தது குறிக்கப்படுகிறது என்று நான்காவது வரி. அதை இப்போதும் வைத்திருக்கிறேன்.

பதிவு திருத்தப்பட்டது. பதினொன்றுக்குப் பதினொன்று. இருபத்தைந்து கையும் அதற்கு ஆதரவாக எழுந்தன. அப்போது ஆதரவுப் பக்கத்தில் ஒருவர் எழுந்து, "இன்றைக்கு நாங்கள் பதினாலு பேர் இருக்கிறோம். மறுபடி ஓட்டெடுத்தால் தகராறே இல்லை" என்றார். அது நிஜம். தலைவருக்கும் அது வசதி. தம் ஓட்டைப் போடாமலே தாம் ஆதரித்தது நிறைவேறிவிடும்.

தலைவர் தலையசைத்து மறுத்தார். "அன்றைய கேள்விக்கு அன்றைய சபை பாதி வழி பதில் சொல்லியாகிவிட்டது. மீதி என்னிடம் இருக்கிறது. புதிதாகக் கேட்க வேண்டுமென்றால், விதிப்படி மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் கொடுத்துக் கேளுங்கள்."

அவர் எந்தப் பக்கம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நான் இதை ஆதரித்துப் பேசியவன்" என்றார். "அந்த இடம் ஆபத்து என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உங்களில் ஒருவனாக இருந்தால் கை தூக்கியிருப்பேன். ஆனால் சபை பாதிக்குப் பாதியாக நிற்கும்போது, பதினேழு பேருடைய பிழைப்பை இடம் பெயர்க்க நான் ஒருவன் போதாது. பெயர்க்க வேண்டும் என்கிறவர்கள் சபையைச் சம்மதிக்க வைத்துவிட்டு வரட்டும். அதுவரை இருக்கிறபடி இருக்கட்டும். என் ஓட்டு எதிர்."

ஆதரவுப் பக்கத்தில் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். நான் எழுத மறந்து நின்றேன். தம் கைக்கு வந்த ஒரே ஒரு ஓட்டை, தமக்குப் பிடித்த பக்கத்துக்குப் போடாத ஒரு மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவரை அப்போது யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் வேறு மாதிரி செய்திருந்தாலும் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. விளக்குக் கம்பத்துக்கு நான்கு கூட்டம் எடுத்துக்கொள்கிற அதே சபைதான். ஆனால் யாரிடமும் முழு அதிகாரம் இல்லை என்பதை நான் அதுவரை ஒரு குறை என்றே எண்ணியிருந்தேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் கீரைக்காரியிடம் போய், "நீங்க இங்கேயே இருக்கலாம்" என்றேன். காலில் விழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லைதான். ஆனால் அவள் எரிந்து விழுந்தாள்.

"அப்பம் இந்தப் பதினெட்டு நாளும் எதுக்குச் சாமி போச்சு? அன்னைக்கே விதைச்சிருந்தா இன்னும் ஏழு நாள்ல பறிச்சிருப்பனே!"

மறுநாள் காலை நிர்வாக அதிகாரி தாமே கோட்டை வாசலுக்கு வந்தார். தோற்றுப் போன முகமாக இல்லை. இரண்டு ஆட்களைக் கயிறு பிடிக்கச் சொல்லி, சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட வைத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ், இந்தப் பக்கம் கூடை. இரண்டு முனையிலும் கல் நட்டார்; யாரையும் இடம் மாற்றாததால் அதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை. கீரைக்காரி இன்னும் ஒரு முழம் வேண்டும் என்று சண்டை போட்டாள். அவர் அரை முழம் கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் அவளிடம் மீதியையும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து இது மறுபடி வரலாம், அப்போது பதினாலு பேர் உங்களுக்கு எதிராக இருப்பார்கள் என்றேன்.

"மொத்தம் எத்தனை பேரு?"

"இருபத்தஞ்சு."

அவள் கீரைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே யோசித்தாள். "பதினாலும் பதினொண்ணும். அப்பம் ரெண்டு பேரு இங்கிட்டு வந்தாப் போதும், இல்லியா சாமி?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பதினெட்டு நாளாக அந்த எண்களோடு படுத்து எழுந்தவன் நான்.

"போதும்" என்றேன்.

"அந்தப் பதினாலு பேரு வீடும் எங்க இருக்கு?"

நான் சபை ஊழியன். ஒரு பக்கத்துக்காரர்களின் வீட்டை மட்டும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆபீஸ் பலகையில் எல்லா உறுப்பினர்களின் விலாசமும் ஒட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அன்று பகல் அவளும் இன்னும் ஐந்து பெண்களும் வராந்தாவுக்கு வந்தார்கள். இருபத்தைந்து விலாசத்தையும் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு தெருவையும் அவர்கள் திருப்பிச் சொல்லி மனசில் வாங்கிக்கொண்டார்கள். பலகைக்கு எதிரே இருந்த அறையிலிருந்து நிர்வாக அதிகாரி எங்களைப் பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

அந்தப் பெண்கள் எந்தெந்த வாசலில் போய் என்னென்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் பதினாலு வீடுகளுக்கும் போயிருக்கிறார்கள், சில வீடுகளுக்கு நாலைந்து தடவை போயிருக்கிறார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சுண்ணாம்புக் கோடே இத்தனை நாளும் போதுமானதாக இருந்ததை நேரில் வந்து பார்க்கச் சொல்லி, ஒரு உறுப்பினரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

தீர்மானம் மறுபடி வந்தது. தலைவர் இந்தத் தடவை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் ஒவ்வொரு நாற்காலியின் அருகிலும் போய் நின்று எண்ணினேன்; திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். யாரும் கேலி செய்யவில்லை. ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு பதின்மூன்று. புத்தகத்தில் இருபத்தாறு கையெழுத்து. ஒன்று அதிகமாக இருந்தது, சரியாக இருந்தது. தலைவரின் ஓட்டு அன்று தேவைப்படவில்லை.